ஜாப் கார்டில் ஏறாத பழுது

சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது கையில் தரும் தாளில் இப்படி ஒரு வரி இருக்கும்: "கஸ்டமர் சத்தம் என்றார். செக் செய்தோம். ஓகே." வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு இதைவிடக் கெட்ட வரி கிடையாது. சத்தம் போகவில்லை. எங்கே, எப்போது, எந்த வேகத்தில் என்று எழுதவும் இல்லை. நாலாவது வருடம் அதே சத்தம் முற்றி ஸ்டீயரிங் ராக்கையே (ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) மாற்ற வேண்டும் என்று வந்து நிற்கும்போது, "வாரண்டி இருக்கும்போதே சொன்னேனே" என்பதற்குச் சாட்சி அந்த ஒரு வரிதான். அதிலும் "ஓகே" என்று எழுதியிருக்கிறது.

வாரண்டி வேலையில் பணம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் இந்த வரி ஏன் வருகிறது என்பது புரியும். பாகத்தையும் கூலியையும் முதலில் டீலர் போடுகிறார். பிறகு கார் கம்பெனியிடம் கிளெய்ம் போட்டு வாங்குகிறார். ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி ஒரு நேரக் கணக்கு வைத்திருக்கிறது. அந்த நேரத்துக்குத்தான் கூலி. லிங்க் ராட் (சஸ்பென்ஷனில் உள்ள ஒரு இணைப்புக் கம்பி) மாற்றக் கூலி உண்டு. ஆனால் சத்தம் லிங்க் ராடிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் இரண்டு மணி நேரம் வண்டியோட்டினால், அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. கிளெய்மில் புகார், கண்டறிந்த விதம், போட்டோ, பழைய பாகம் என்று எல்லாம் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் கம்பெனி தள்ளுபடி செய்யும், நஷ்டம் டீலருக்கு. ஆகவே சர்வீஸ் அட்வைசர் தயங்குவதெல்லாம் ஏமாற்று வேலை அல்ல. கிளெய்ம் பாஸ் ஆகிற மாதிரி புகாரை நீங்களே எழுதிக் கொடுத்தால், பல இடங்களில் அவரே உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

எழுதுவது என்றால் இப்படி: "காலை முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு, 15–25 கி.மீ. வேகத்தில், சின்ன மேடு பள்ளத்தில் இடது முன் சக்கரப் பக்கம் 'டக் டக்' சத்தம். பிரேக் மிதித்தால் வருவதில்லை. 14,200 கி.மீ.யில் ஆரம்பித்தது." இந்த வார்த்தைகள் அப்படியே ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது புகாரைப் பதியும் தாளில், ஏற வேண்டும். அட்வைசர் டேப்லெட்டில் "சஸ்பென்ஷன் நாய்ஸ்" என்று ஒற்றைச் சொல்லைத் தட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்துப் போடாதீர்கள். முழுதாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஜாப் கார்டு நகலை அன்றே வாங்குங்கள். வண்டியை விடும் முன் மெக்கானிக்கை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் காட்டுங்கள். சூடேறினால் மறைந்துவிடும் சத்தம் என்றால் முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிட வேண்டும்; ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் அவர்கள்தான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பக்கத்தில் இருப்பவரை விட்டு, ஸ்பீடோமீட்டரும் ஓடிய கி.மீ.யும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது, எது வாரண்டியில் வரும் என்பது. எல்லாக் கம்பெனி வாரண்டிப் புத்தகத்தின் சாரமும் ஒன்றுதான்: பொருளிலோ தயாரிப்பிலோ இருந்த குறைக்கு மட்டும் பொறுப்பு, தேய்வுக்கும் உபயோகத்துக்கும் வெளிச் சேதத்துக்கும் இல்லை. காலம் இப்போது பெரும்பாலும் 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. மாருதிகூட 2 வருடம், 40,000 கி.மீ. என்று இருந்ததை 2024 ஜூலையில் இதற்கு உயர்த்தியது. கணக்கு டெலிவரி தேதியிலிருந்து தொடங்குகிறது. ஆனால் குறை, தேய்வு இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு ஒவ்வொரு பாகத்திலும் ஒவ்வொரு இடத்தில் விழுகிறது. சண்டை முழுக்க அந்தக் கோட்டில்தான்.

ஏசி

நம் ஊர் வெயிலில் அதிகம் வரும் புகாரும், அதிகம் ஏமாற்றப்படும் புகாரும் இதுதான். "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பினால் சரியாகிவிடும்" என்பது பதில். இரண்டு வருடமே ஆன காரில் கேஸ் குறைந்திருக்கிறது என்றால் அது எங்கோ கசிந்திருக்கிறது. ஏசி ஒரு மூடிய சுற்று. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. எவ்வளவு கிராம் என்று பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். சின்னக் கார்களில் ஏறக்குறைய 350 முதல் 500 கிராம் ஆர்134ஏ என்ற கேஸ். கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அடுத்த சித்திரையில் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். அதற்குள் வாரண்டி முடிந்திருக்கும்.

கேட்க வேண்டியது மூன்று. உள்ளே இருந்த கேஸை மெஷினில் எடுத்து எத்தனை கிராம் மிச்சம் இருந்தது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். 450-க்கு 210 தான் இருந்தது என்றால் கசிவு என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் சேர்த்து நிரப்பிச் சில நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னால் சரி என்று சொல்லுங்கள். மூன்றாவதாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாயின் வாயில் கேஸ் டிடெக்டரை வைத்தால் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும்.

கசிவு கூலிங் காயிலிலோ, மூட்டின் ஓ-ரிங்கிலோ, கம்ப்ரசர் சீலிலோ என்றால் அது தயாரிப்புக் குறையாகத்தான் பார்க்கப்படும், வாரண்டி உண்டு. முன்னால் இருக்கும் கண்டன்சரில் கல் பட்ட தழும்பு இருந்தால் கிடையாது. தழும்பே இல்லாமல் கண்டன்சரின் வெல்டு ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் அது வேறு கதை. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு பேசுங்கள். கூலிங் காயில் மாற்ற டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டிவரும். மாட்டிய பிறகு கிரீச் சத்தங்கள் வரலாம். ஆகவே "டேஷ்போர்டு பிரிக்கப்பட்டது" என்பதும் காகிதத்தில் இருக்கட்டும்.

எல்லாக் குளிர்ச்சிக் குறைவும் கேஸ் அல்ல. ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றால் சூடாக வந்தால் முதல் சந்தேகம் கண்டன்சர் ஃபேன் மேல்தான். காற்று குளிர்ச்சியாகவே, ஆனால் கொஞ்சமாக வந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறது. அது சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம், வாரண்டியில் வராது. நடு வென்ட்டில் ஒரு சமையல் தெர்மோமீட்டரைச் செருகி, வண்டி நிழலில், உள்காற்றுச் சுழற்சியில், 1,500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். 10 டிகிரியைச் சுற்றி வந்தால் ஏசி சரி. 18-இல் நின்றால் அந்த எண்ணையும் அன்றைய வெளி வெப்பத்தையும் எழுதிக் கொடுங்கள். "கூலிங் பத்தல" என்ற புகாருக்கு "எங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று பதில் சொல்லலாம். 18-க்குச் சொல்ல முடியாது.

முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்

சத்தத்துக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. சின்ன மேடு பள்ளங்களில் மெதுவாகப் போகும்போது டக் டக் என்றால் பெரும்பாலும் லிங்க் ராடின் பால் ஜாயின்ட். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுகிற மாதிரி 'டங்' என்றால் ஸ்ட்ரட் மவுண்ட். பிரேக் மிதித்ததும் ஒரே ஒரு தட்டு என்றால் லோயர் ஆர்ம் புஷ். முழுதாக ஒடித்துக்கொண்டு வண்டியை நகர்த்தும்போது 'கட கட' என்றால் ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட். கரடு ரோட்டில் காதைவிடக் கைக்கு முன்னால் தெரிகிற அதிர்வு என்றால் ஸ்டீயரிங் ராக் அல்லது ஸ்டீயரிங் தண்டு (காலம்).

இதில் பொடி எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். பல கம்பெனிகள் ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் போன்றவற்றுக்கு முழு மூன்று வருடம் தருவதில்லை. தனியாகக் குறைந்த காலமோ கி.மீ.யோ வைத்திருக்கும். அதனால் சஸ்பென்ஷன் புகாரை "அடுத்த சர்வீஸில் சேர்த்துச் சொல்லிக்கலாம்" என்று தள்ளுவது நேரடி நஷ்டம். ஷாக் அப்சார்பரில் லேசான ஈரப்பசை வேறு, எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டியிருப்பது வேறு. இரண்டாவதுதான் கிளெய்மில் நிற்கும். ரிம் நெளிந்திருந்தாலோ, அடியில் கல் அடித்த தழும்பு இருந்தாலோ "பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள்" என்று கோப்பை மூடிவிடுவார்கள். நம் சாலைகளில் இந்த வாதத்தைப் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது.

கிளட்ச்

கிளட்ச் பிளேட் தேய்வது வாரண்டியில் இல்லை. அதோடு பேச்சை முடித்துக்கொள்ள வேண்டாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் உள் பேரிங். இரண்டும் வெவ்வேறு கிளெய்ம். பிளேட்டில் எண்ணெய் பட்டு வழுக்கினால் மூல காரணம் கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீலாக இருக்கலாம். அப்போது கேட்க வேண்டியது சீலுக்கும், சீல் கெடுத்த பிளேட்டுக்கும் சேர்த்து. பிளேட்டின் டேம்பர் ஸ்பிரிங் உடைந்திருந்தால் அது ஓட்டியவர் தவறு என்று சொல்வது கடினம். மாறாக, பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்து லைனிங் கருகியிருந்தால் அது ஹாஃப் கிளட்ச் வேலை, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே ஓட்டியது; அங்கே வாதாடிப் பயன் இல்லை.

பிரிப்பதற்கு முன் ஒரு வேலை. "குறை என்றால் இலவசம், தேய்வு என்றால் பிரித்த கூலி உட்பட இவ்வளவு" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது கூடவே நின்று பிளேட், பிரஷர் பிளேட், ஃபிளைவீல் மூன்றையும் போட்டோ எடுங்கள். கழற்றிய பாகத்தை மாலையில் பார்த்தால் அது உங்கள் வண்டியுடையதுதானா என்று சத்தியம் செய்ய முடியாது.

செக் என்ஜின் லைட்

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிச் சர்வீஸுக்குப் போகலாம். கண் சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, நிறுத்திவிடுங்கள். எப்படியானாலும் பேட்டரி டெர்மினலைக் கழற்றி விளக்கை அணைக்காதீர்கள். தெரு முனை மெக்கானிக் செய்யும் அந்த உதவியில் பழுதுக் குறியீடும், அது விழுந்த நொடியின் வேகம், ஆர்பிஎம், வெப்பம் எல்லாம் பதிந்த ஃபிரீஸ் ஃபிரேமும் அழிந்துவிடும். விட்டு விட்டு வரும் பழுதுக்கு அதுதான் ஒரே சாட்சி. ஸ்கேனர் அறிக்கையின் பிரின்ட் அல்லது போட்டோ கேளுங்கள். உதாரணமாக பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். முதல் சிலிண்டர் இக்னிஷன் காயிலை இரண்டாவதில் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்து, குறியீடு பி0302 ஆனால் காயில்தான் குற்றவாளி. கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமலே பிளக், இன்ஜெக்டர் என்று பில் போடுகிறவர்கள் உண்டு.

மின்சாரப் பழுதில் கிளெய்ம் தோற்பதற்கு முதல் காரணம் வெளியே வெட்டி ஒட்டிய வயர். ஹாரன், ஃபாக் லைட், கேமரா எதுவானாலும் கப்ளரில் செருகுகிற மாதிரி போடுங்கள். எலி கடித்த வயர் வாரண்டியில் வராது. இன்சூரன்ஸில் கேட்டுப் பார்க்கலாம்.

பேட்டரிக்கும் டயருக்கும் பொறுப்பு அவற்றைச் செய்த கம்பெனி, கார் கம்பெனி அல்ல. ஆனால் டீலர் வழியாகவே கேட்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2-க்குக் கீழ் என்றால் பாதிகூட இல்லை. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரவில்லை என்றால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

வெள்ளம் தனி விஷயம். 2015 டிசம்பரிலும் 2023-இல் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களைத் தள்ளிவந்து சாவியைத் திருப்பியவர்கள் இழந்தது என்ஜினை. தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். வாரண்டியில் இதற்கு இடமே இல்லை. சாதாரண இன்சூரன்ஸும் "நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்" என்று மறுக்கும். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் மட்டும் வழி உண்டு. ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்வதுதான் மலிவு.

வெளியே சர்வீஸ் செய்தால்

"ஒரு தடவை வெளியே ஆயில் மாற்றினாலும் வாரண்டி போச்சு" என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, தவறான வெளி வேலையால் வந்த சேதத்தின் அளவுக்குத்தான் மறுக்கலாம் என்று சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. உத்தரவை மேற்கோள் காட்டி வாதாடலாம்தான். ஆனால் மூன்று வருடத்துக்கு உட்பட்ட காரில் எங்கள் யோசனை வேறு. கால இடைவெளி தவறாமல் கம்பெனி சர்வீஸிலேயே செய்யுங்கள். ஒரு சர்வீஸில் மிச்சமாகும் இரண்டாயிரத்துக்காக என்ஜின் கிளெய்மைப் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது. கி.மீ. ஓடவில்லை என்று வருட சர்வீஸைத் தள்ளுவதும் அதே தவறு, கி.மீ., மாதம் இரண்டில் முந்துவதுதான் கணக்கு. என்ஜின் சுத்தம், த்ரோட்டில் கோட்டிங், உள்சேறு நீக்கி என்று பில்லில் ஏற்றுவதை மட்டும் மறுத்துவிடுங்கள். மேனுவல் கேட்பதற்கு மேல் ஒன்றும் வாரண்டிக்குத் தேவையில்லை.

ரீகால் என்றால் வாரண்டியே தேவையில்லை

2020 ஜூலையில் மாருதி 1,34,885 வேகன்-ஆர், பலேனோ கார்களை ஃபியூயல் பம்ப் சந்தேகத்துக்காகத் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களை அழைத்ததும் ஃபியூயல் பம்புக்குத்தான்; பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் குறையுள்ளது, ஓடும்போதே என்ஜின் நிற்கலாம் என்பது காரணம். ரீகால் வேலைக்கு வண்டியின் வயதோ, எத்தனையாவது உரிமையாளர் என்பதோ தடையில்லை, முழுக்க இலவசம். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் ஆர்சியில் உள்ள 17 எழுத்துச் சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு முதலில் இதைப் பார்க்க வேண்டும். முதல் உரிமையாளரின் பழைய நம்பருக்குப் போன எஸ்எம்எஸ் உங்களுக்கு வராது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, கம்பெனி தானாக அழைக்காவிட்டால் மத்திய அரசே உத்தரவிட வழி வைத்திருக்கிறது.

மறுத்துவிட்டால்

வாய்ப்பேச்சில் மறுப்பதை ஏற்காதீர்கள். "எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள், மெயிலில் அனுப்புங்கள்" என்று கேட்டாலே சில மறுப்புகள் கரைந்துவிடும். அடுத்து ஒர்க்ஸ் மேனேஜர், பிறகு கம்பெனியின் கஸ்டமர் கேர். அங்கே புகார் எண் வாங்கி, ஏரியா சர்வீஸ் மேனேஜர் வரும் நாளில் வண்டியைக் காட்ட நேரம் கேளுங்கள். வேறொரு டீலரிடம் அதே புகாருக்கு இன்னொரு ஜாப் கார்டு போடுவதும் நல்ல ஆயுதம். வாரண்டி கம்பெனியுடையது, வாங்கிய ஷோரூமுடையது அல்ல.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டத்தில். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை ரூ.200, 20 லட்சம் வரை ரூ.400. கெடு இரண்டு வருடம். டீலரையும் கம்பெனியையும் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் இருப்பவர் இல்லாதவரைக் கைகாட்டுவார்.

என்ன கேட்கிறோம் என்பதில் நிதானம் வேண்டும். புதுக் கார் கேட்டுப் போகிற வழக்குகள்தான் அதிகம் தோற்கின்றன. 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி சொல்வது குறையுள்ள பாகத்தை மாற்றுவதை, காரை மாற்றுவதை அல்ல என்று தீர்ப்பளித்தது. விபத்தில் கிரெட்டாவின் ஏர்பேக் விரியாத வழக்கில் 2022-இல் காரையே மாற்றித்தரும் உத்தரவு நிலைத்தது. உயிர் சம்பந்தப்பட்ட குறை வேறு வகை. மற்றவற்றில் பாகம், கூலி, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களுக்கு நஷ்டஈடு என்று கேட்டால் நிற்கும். தயாரிப்புக் குறை என்பதை நிரூபிக்க நிபுணர் அறிக்கை தேவைப்பட்டால், ஆணையமே ஆய்வுக்கு அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு, மனுவிலேயே கேட்டுவிடுங்கள். ஒரே பழுதுக்குத் தேதிவாரியாக நாலு ஜாப் கார்டு இருந்தால் வக்கீல் இல்லாமலேகூட வாதாடலாம்.

முப்பத்து நாலாவது மாதம்

வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, சர்வீஸ் நேரம் இல்லாவிட்டாலும், வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் ஈரம், ஆக்ஸில் பூட் கிழிசல், ஷாக் அப்சார்பர் வழிசல், வாட்டர் பம்ப் அடியில் காய்ந்த கூலன்ட் தடம், ராக்கின் ஆட்டம், ஏசி கேஸ் அளவு, ஸ்கேனரில் மறைந்திருக்கும் குறியீடுகள். பவர் விண்டோ நாலையும் ஏற்றி இறக்குங்கள், சீட் பெல்ட் இழுவையைப் பாருங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்குவதானால் மூல வாரண்டி முடிவதற்குள் வாங்க வேண்டும்; அதில் வராத பாகங்களின் பட்டியலை வாங்கும் முன் படியுங்கள். வாரண்டியில் மாற்றிய பாகத்துக்குப் பெரும்பாலும் மீதமுள்ள நாள் மட்டும்தான் உத்தரவாதம். ஆகவே இந்தத் தடவை மாற்றிய எதையும் ஒரு வாரத்துக்குள் ஓட்டிப் பார்த்துச் சந்தேகத்தைத் திரும்பச் சொல்லுங்கள். பாகம் ஸ்டாக் இல்லை என்று சொன்னால் ஜாப் கார்டை மூட விடாதீர்கள். "பாகம் ஆர்டர் செய்யப்பட்டது, வாரண்டியில்" என்று தேதியும் கி.மீ.யும் போட்டு வாங்கிய பிறகு வண்டியை எடுங்கள்.